தேர்வு இருக்கையில் தொடங்குகிறது: தலை–கழுத்துக் கருவி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பந்தயத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது அந்த ஓட்டுநர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் வேலை மேசையில் வைத்தார். உள்ளே கார்பன் ஃபைபரில் செய்த ஒரு ஹான்ஸ் கருவி இருந்தது, மோதலில் தலையையும் கழுத்தையும் காக்க ஓட்டுநர்கள் அணிவது. வேறொருவர் பயன்படுத்தியது, பாதி விலைக்குக் கிடைத்ததாம். "ஹெல்மெட்டில் குமிழ் பொருத்திக் கொடுத்தால் போதும் அண்ணா, வேலை முடிந்தது" என்றார். வேலை முடிய ஏழு வாரங்கள் ஆயின. அந்தப் பந்தயத்தை அவர் தவறவிட்டார். என் மேல் அவருக்கு இருந்த கோபம் தணிய இன்னும் சில நாட்கள் ஆயின.

ஓட்டுநரைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாகத் தடப் பயிற்சி நாட்களில் ஓட்டியவர். இதுதான் முதல் பந்தயம். கூரையுள்ள சிறிய கார், ரோல் கேஜ் எனப்படும் இரும்புக் குழாய்க் கூண்டு, உடலை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் இருக்கை, ஆறு முனை பெல்ட். உயரமானவர், ஒல்லியானவர், தோள்கள் சரிந்தவை. இந்தக் கடைசி விவரம் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதுவரை கழுத்தில் ஒரு நுரைப் பட்டையை மாட்டிக்கொண்டுதான் ஓட்டி வந்தார். பந்தய விதிப் புத்தகம் சான்றிதழ் பெற்ற கருவி வேண்டும் என்று சொன்னதால்தான் இந்தக் கொள்முதல்.

நுரைப் பட்டையை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஹெல்மெட்டின் எடையால் கழுத்து சோர்வதை அது கொஞ்சம் குறைக்கும். முன்புற மோதலில் தலை முன்னோக்கிப் பறப்பதை அதனால் தடுக்க முடியாது. அதைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்புவது வெறுங்கழுத்தோடு ஓட்டுவதைவிட மோசம் என்பது என் கருத்து. வெறுங்கழுத்துக்காரருக்குத் தனக்கு ஒன்றும் இல்லை என்றாவது தெரியும்.

சாலைக் காரைவிடப் பந்தயக் காரில் கழுத்துக்கு ஆபத்து அதிகம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். காரணம் பெல்ட்தான். சாலைக் காரின் மூன்று முனை பெல்ட் உடலைக் கொஞ்சம் முன்னே வர விடுகிறது, எதிரே காற்றுப்பை விரிகிறது. பந்தயப் பெல்ட் மார்பையும் இடுப்பையும் இருக்கையோடு இறுக்கிவிடுகிறது. கார் நிற்கும்போது உடலும் நிற்கிறது. தலைக்கு மட்டும் பெல்ட் இல்லை. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கெட்டியான சுவரில் மோதும் காரின் மூக்கு 60 செ.மீ. நசுங்கினால், சராசரி வேக இழப்பு ஏறத்தாழ 53 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 53 மடங்கு. உச்சம் அதைவிட மேலே போகும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டால், சராசரிக் கணக்கிலேயே கழுத்தில் தொங்குவது முந்நூறு கிலோவுக்கு மேல். எத்தனை வலுவான கழுத்தாக இருந்தாலும் அதைத் தாங்காது. தசைகள் விழித்துக்கொள்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. 1981-இல் பாட்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் அமெரிக்காவின் மிட்-ஓஹையோ தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது இந்தக் காயத்தால் இறந்தார். அவருடைய நண்பர் ஜிம் டவுனிங்கும் பந்தய ஓட்டுநர். டவுனிங்கின் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்ட், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்இயந்திரவியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ். கருவி 1990-களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்கத்தான் ஆளில்லை. பருமனாக இருக்கிறது, தலை திரும்பாது, வெளியேற முடியாது என்று ஓட்டுநர்கள் காரணம் சொன்னார்கள். 1994-இல் இமோலாவில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார். 2000-இல் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என மூவர் இறந்தனர். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் பேச்சு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா 1 அதை 2003-இல் செய்தது.

வேலை செய்யும் விதம் எளிது. கழுத்தைச் சுற்றி ஒரு காலர், அதிலிருந்து தோள் வழியாக மார்பின் மேல் இறங்கும் இரண்டு கைகள். தோள் பெல்ட்கள் அந்தக் கைகளின் மேல் ஓடி அவற்றை உடலோடு அழுத்துகின்றன. காலரிலிருந்து இரண்டு வார்கள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் உள்ள குமிழ்களில் மாட்டுகின்றன. உடல் நிற்கும்போது வார்கள் தலையையும் நிறுத்துகின்றன. கழுத்தின் மேல் விழ வேண்டிய சுமை வார், காலர், பெல்ட் வழியாகக் காரின் கூட்டுக்குப் போய்விடுகிறது. அதாவது பெல்ட் சரியில்லை என்றால் அந்தக் கருவி தோளில் கிடக்கும் விலையுயர்ந்த கார்பன் துண்டு, அவ்வளவுதான். எங்கள் ஏழு வாரமும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் செலவாயிற்று.

முதல் சோதனை

ஓட்டுநரைக் காரில் உட்காரவைத்து, கருவியை மாட்டி, பெல்ட்டை இறுக்கினேன். ஐந்து நிமிடத்தில் நான்கு குறைகள் தெரிந்தன.

கருவியின் கோணம் தவறு. ஹான்ஸ் 20, 30, 40 பாகை எனப் பல கோணங்களில் வருகிறது. ஓட்டுநர் எவ்வளவு சாய்ந்து உட்காருகிறார் என்பதற்கு ஏற்ப அது மாறும். நிமிர்ந்த இருக்கையுள்ள கூரைக் கார்களில் பெரும்பாலும் 20 பாகை போதும். 40 பாகை என்பது ஏறத்தாழப் படுத்துக்கொண்டு ஓட்டும் ஒற்றை இருக்கைக் கார்களுக்கு உரியது. இவர் வாங்கியது 40. விற்றவர் ஃபார்முலா கார் ஓட்டியவர் என்பது பிறகு தெரிந்தது. காலர் ஹெல்மெட்டின் பின்புறத்தை முட்டியது. தலையைச் சற்று நிமிர்த்தினால் மார்பின் மேல் படுத்திருக்க வேண்டிய கைகள் எழும்பின. ஓட்டுநர் அதை "கொஞ்சம் இறுக்கம்" என்று சொன்னார்.

கருவியில் ஒட்டியிருந்த எஸ்.எஃப்.ஐ 38.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்றுச் சீட்டில் இருந்த தேதி கடந்துபோயிருந்தது. அந்தத் தரத்தின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கருவி தயாரிப்பாளரிடம் திரும்பிப் போய்ச் சோதிக்கப்பட வேண்டும். வார்களின் ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது. கார்பன் பகுதியில் விரிசல் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் என் கண் சோதனைக் கருவி அல்ல. அந்தக் கருவி எந்த மோதலில் இருந்தது என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹெல்மெட் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. நல்ல ஹெல்மெட்தான், ஆனால் வேறு வேலைக்குச் செய்தது. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்நெல் அமைப்பின் கார்ப் பந்தயத்துக்கான எஸ்.ஏ தரத்தில் தீத்தடுப்புச் சோதனை உண்டு, மோட்டார் சைக்கிள் தரத்தில் இல்லை. எஸ்.ஏ 2015 முதல் குமிழ் பொருத்தும் திருகுத்துளைகளும் ஹெல்மெட்டிலேயே அமைந்து வருகின்றன. "துளை போட்டுவிடலாமே" என்றார். ஹெல்மெட்டின் ஓட்டில் கைத்துரப்பணத்தால் துளை போட்டு, அந்தத் துளையில் முந்நூறு கிலோவைத் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

நான்காவது குறையைத்தான் சரிசெய்ய அதிக நாள் பிடித்தது. தோள் பெல்ட்கள் இருக்கைக்குப் பின்னால் தரையில் கட்டப்பட்டிருந்தன. தோளிலிருந்து செங்குத்தாக இறங்கிய அந்தப் பெல்ட்கள் மோதலில் முதுகெலும்பைக் கீழே அழுத்தும். அதோடு ஒன்றுக்கொன்று வெகு அகலமாகவும் இருந்தன. என் கையால் அவருடைய வலது தோளை முன்னே இழுத்தபோது பெல்ட் கருவியின் கையிலிருந்து நழுவி மேல்கைக்கு வந்துவிட்டது. கார் நின்றுகொண்டிருந்தது, இழுத்தது என் ஒரு கை.

அன்று மாலை நான் ஒரு தாளில் வரிசை எழுதிக் கொடுத்தேன்: இருக்கை, பெல்ட், ஹெல்மெட், கருவி. அவர் அதைப் பின்னாலிருந்து முன்னால் வாங்கியிருந்தார். பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குகிறார்கள். கருவிதான் கண்ணுக்குப் புதியது. பெல்ட் காரோடு ஏற்கெனவே வந்தது, அதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இருக்கையும் பெல்ட்டும்

இருக்கையை மாற்றவில்லை. சாய்வை அளந்தோம், நிமிர்ந்த வகைதான், 20 பாகைக் கருவிக்கு ஏற்றது. தலைப்பகுதியில் பக்கச் சிறகுகள் இல்லாததுதான் குறை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் நேர் மோதலுக்கும் சாய்ந்த முன்புற மோதலுக்கும் செய்தவை. எஸ்.எஃப்.ஐ சோதனையில் பொம்மையைச் சறுக்குவண்டியில் வைத்து, நேராகவும் 30 பாகை சாய்வாகவும் சுமார் 70 ஜி அதிர்வுக்கு உட்படுத்துகிறார்கள். கழுத்தின் இழுவிசை 4000 நியூட்டனைத் தாண்டக்கூடாது. முழுப் பக்கவாட்டு மோதலில் தலையைத் தாங்க வேண்டியது இருக்கையின் சிறகும் பக்க வலையும். இருக்கை மாற்றப் பணமில்லை என்பதால் நடுப்பக்கம் ஒரு வலை கட்டினோம். அரைத் தீர்வு. அவருக்கும் அது தெரியும்.

பெல்ட்டுக்கு ரோல் கேஜில் தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாயைப் பற்றவைத்தோம். பெல்ட் தோளிலிருந்து பின்னால் போகும்போது ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கலாம், 20 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது. மேலே ஏறினாலும் தவறு. பெல்ட்களின் பின்முனைகளைக் குழாயில் நெருக்கிச் சுற்றினோம். நெருங்க நெருங்க அவை கழுத்தை நோக்கி வந்து கருவியின் கைகளில் உறுதியாக அமரும். இருக்கையில் பெல்ட் நுழையும் துளைகள் இதற்கு எதிராக வேலை செய்தன. துளை அகலமாகப் பிரிந்திருந்ததால் உள்ளே நெருக்கிக் கட்டிய பெல்ட்டை வெளியே தள்ளியது. குழாயில் எவ்வளவு நெருக்கினாலும் கடைசி வார்த்தை அந்தத் துளையுடையதுதான். இருக்கை தயாரிப்பாளர் கொடுத்த மாற்று விளிம்பு ஒன்றைப் போட்டுக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தோம்.

தொடைகளுக்கு இடையே வரும் பட்டைகளையும் இறுக்கினோம். அவை தளர்ந்திருந்தால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும், அதைத் தொடர்ந்து தோள் பெல்ட்டும் தளரும். கட்டும் வரிசை முக்கியம். இடுப்பு பெல்ட்டை எலும்பின் மேல் தாழ்வாக இறுக்கிய பிறகுதான் தோள் பெல்ட். வரிசையை மாற்றினால் தோளை இழுக்கும்போது இடுப்பு பெல்ட் மேலே வந்துவிடுகிறது. இதை அவரே மூன்று முறை செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்.

எந்த வகை

ஹெல்மெட் எளிதில் முடிந்தது. எஸ்.ஏ 2020, திருகுத்துளைகளோடு. அதன் பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம்.

எங்கள் முன் இருந்தவை இரண்டு குடும்பங்கள். ஒன்று ஹான்ஸ், நெக்ஸ்ஜென் போன்ற காலர் வகை. தோள் பெல்ட்தான் அதைப் பிடித்திருக்கிறது. மற்றொன்று சிம்ப்சன் ஹைப்ரிட் போல உடலில் அணியும் வகை. முதுகில் ஒரு தகடு, அதை மார்பைச் சுற்றிய பட்டைகள் உடலோடு கட்டுகின்றன. இருக்கையின் சாய்வு அதற்குப் பெரிய கவலையில்லை. பெல்ட் கொஞ்சம் இடம் மாறினாலும் உடலோடு அதற்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. மூன்றாவதாக, தோள் பெல்ட்டிலேயே இரண்டு அதிர்வுத் தாங்கிகளை மாட்டி ஹெல்மெட்டோடு இணைக்கும் ஐசக் என்ற அமைப்பு ஒரு காலத்தில் இருந்தது. வெளியேறும்போது பக்கிளைத் திறப்பதோடு அதன் ஊசிகளையும் தனியாக உருவ வேண்டியிருந்தது. எஸ்.எஃப்.ஐ தரம் ஒரே செயலில் விடுபட வேண்டும் என்றதால் அது அந்தச் சீட்டைப் பெறவில்லை. தீப்பிடித்த காரில் இரண்டு ஊசிகள் இரண்டு மலைகள்தான். அதே நேரம் அந்த அமைப்பின் ரசிகர்கள் சொன்ன வாதங்களை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்கவும் மாட்டேன்.

என் பரிந்துரை உடலில் அணியும் வகை. காரணம் அவருடைய சரிந்த தோள்கள். முதல் நாள் நழுவிய அந்த வலது பெல்ட்டை நான் மறக்கவில்லை. குறுக்குக் குழாய் வந்த பிறகு நழுவல் நின்றிருந்தது, ஆனால் தோள் எலும்பு மாறவில்லை.

இரண்டையும் கடன் வாங்கி அவர் காரிலேயே உட்காரவைத்துப் பார்த்தோம். வேறு ஒருவருடைய காரில், கடையில், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை. காலர் வகையில் முதலில் தலை சரியாகத் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்க்க உடலையே திருப்பினார். வார்கள் காலருக்குள் வழுக்கி ஓடும் வகையை மாட்டியதும் அது தீர்ந்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விட்டுக்கொடுக்கும், முன்னே இழுத்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். வார் நீளத்தைக் கூட்டிக் கேட்டார். கூட்டவில்லை. தயாரிப்பாளர் சொன்ன நீளத்துக்கு மேல் ஒவ்வொரு விரற்கடையும் தலை இலவசமாகப் பறக்கும் தூரம்.

உடலில் அணியும் வகையில் தலை அழகாகத் திரும்பியது. பெல்ட்டும் அதன் மேல் நன்றாகவே கிடந்தது. சிக்கல் அணிவதில் இருந்தது. மார்புப் பட்டைகளைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர யாராவது உதவ வேண்டியிருந்தது. தனியாகச் செய்தபோது ஒவ்வொரு முறையும் இறுக்கம் வேறு வேறாக வந்தது. கடைசி முறை இடது பட்டை முறுக்கிக்கொண்டு கிடந்ததை அவர் உணரவே இல்லை.

பிறகு வெளியேறும் சோதனை. கண்ணைக் கட்டி, இஞ்சின் அணைக்கும் விசையில் தொடங்கி, இரண்டு கால்களும் தரையில் படும் வரை. காலர் வகையில் முதல் முறை 19 விநாடி. காலரின் பின்விளிம்பு கதவுக்கு மேலுள்ள கேஜ் குழாயில் சிக்கிக்கொண்டது. தோளை முதலில் வெளியே தள்ளாமல் தலையைக் குனிந்து வரும்படி பழக்கினோம். ஆறாவது முறை 9 விநாடி. உடலில் அணியும் வகையில் முதல் முறையே 11. இதிலும் என் பரிந்துரைதான் வென்றது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் காலர் வகையைத் தேர்ந்தெடுத்தார். 20 பாகை, வழுக்கும் வார், பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் உயர்ந்த விளிம்புள்ள கைகள். புதியது, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ-வின் 8858 தரச் சீட்டோடு.

"எனக்குக் குழு கிடையாது அண்ணா. காரை இழுத்து வருவதும் நான், டயர் மாற்றுவதும் நான். அந்தப் பட்டையை ஒருநாள் தவறாகக் கட்டிக்கொண்டு போவேன். இதைத் தவறாகப் போடவே முடியாது" என்றார்.

தவறாகப் போட முடியும், முதல் நாளே போட்டுக் காட்டினார் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சோதனைக்கூடத்தில் இரண்டு வகையும் தேறியவை. எஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை, அவசரத்தில், தனி ஆளாக எது சரியாக அமர்கிறது என்பதுதான். அதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தோள் பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் பந்தயம்

ஈரத் தடத்தில் ஒரு வலது வளைவின் வெளிப்பக்கம் கார் சறுக்கி டயர்ச் சுவரில் முன்-இடது மூலையால் மோதியது. காரில் அதிர்வை அளக்கும் கருவி இல்லை, எனவே எத்தனை ஜி என்று யாரும் சொல்ல முடியாது. இடது முன் சக்கரம் பின்னே தள்ளப்பட்டு, பம்பருக்குப் பின்னாலிருந்த குறுக்குச் சட்டம் வளைந்திருந்தது. ஓட்டுநர் தானே வெளியே வந்தார். இரண்டு காரை எலும்புகளின் மேலும் கன்றிய தடம், இரண்டு நாள் கழுத்து விறைப்பு. மருத்துவர் பார்த்து அனுப்பிவிட்டார்.

கருவி தன்னைக் காப்பாற்றியது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல மாட்டேன். டயர்ச் சுவர் நன்றாக விட்டுக்கொடுத்த மோதல் அது. கருவி இல்லாமலும் அவர் நடந்து வந்திருக்கலாம். ஒரே நிகழ்வை வைத்து மறுபக்கத்தை நிரூபிக்க வழியில்லை.

ஆனால் கார் சில விஷயங்களைச் சொன்னது. வார்களின் கொக்கிகளில் புதிய கீறல்கள் இருந்தன. அதாவது சுமை அவற்றுக்கு வந்திருக்கிறது. இடது தோள் பெல்ட் கருவியின் கை மேல் இருந்த இடத்திலேயே துணியைத் தேய்த்திருந்தது. வலது பெல்ட்டின் தேய்ப்பு இரண்டு விரல் அகலம் வெளியே நகர்ந்து, உயர்ந்த விளிம்பை ஒட்டி நின்றிருந்தது. உடல் இடது முன்னோக்கிப் போகும்போது வலது பெல்ட் தோளின் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். இன்னும் பலமான மோதலாக இருந்தால் அந்த விளிம்பு தாங்கியிருக்குமா என்பது என்னை இரண்டு இரவு தூங்கவிடாத கேள்வி.

பெல்ட்களைத் தூக்கி எறிந்தோம். ஒருமுறை நீண்ட நாடா மறுபடி அதே போல நீளாது. ஹெல்மெட்டையும் ஓய்வில் விட்டோம், சிறகில்லாத இருக்கையின் விளிம்பில் அது இடித்த தடம் இருந்தது. கருவியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பியதில் வார்களை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

பழைய இருக்கையையும் இப்போது கழற்றிவிட்டார். புதியதில் தலைச் சிறகுகள் இருக்கின்றன, பெல்ட் துளைகள் நெருங்கி இருக்கின்றன. குறுக்குக் குழாயில் வலது பெல்ட்டின் சுற்றை நான்கு செ.மீ. உள்ளே தள்ளி, இருபுறமும் நகராமல் இருக்கக் குழாயில் சிறு தடுப்புகளைப் பற்றவைத்தேன். புதிய சிறகு காலரின் விளிம்பில் இடது பக்கம் மட்டும் உரசுகிறது. அதற்காக இருக்கையை ஒரு துளை பின்னே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பெல்ட்டின் கோணம் மாறும், அதை மறுபடி அளக்க வேண்டும். வரும் சனிக்கிழமை அந்த வேலை.